காவல்காரர் விழித்துக்கொண்டால்...

மருந்து சாப்பிட்டால் வியாதி குறைய வேண்டும். இது உலகம் ஒப்புக்கொண்ட நியாயம். "மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் வியாதி கூடிப்போச்சு" என்று யாராவது வந்து சொன்னால் நாம் என்ன சொல்வோம்? "முதலில் அந்த மருந்தைத் தூக்கி எறி!" என்போம். அதுவும் நியாயந்தான்.

ஆனால் வாசகர்களே, இந்த நியாயம் செல்லுபடியாகாத இடம் ஒன்று வைத்தியத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் மருந்தைத் தூக்கி எறிந்தால், மனிதரையே தூக்கி எறிந்த மாதிரி. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு முன் என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியில் கூட்டம் ஓய்கிற நேரம். ஓர் அம்மாள் தனியாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"டாக்டரய்யா, இதை அவருக்கு இனிமே கொடுக்கலாமா, வேண்டாமா? நாலு நாளா நிறுத்தி வெச்சிருக்கோம்."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. எங்க அத்தைதான், 'நல்லா இருந்த புள்ளை, இந்த மாத்திரையைத் தொட்டதிலேருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு வருதே'ன்னு அழுதாங்க. எனக்கும் அப்படித்தான் தோணிச்சு."

டப்பாவைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவருடைய கணவர் ஒரு தையற்காரர். மூன்று மாதத்துக்கு முன்பு எச்.ஐ.வி. கிருமி இருப்பதாகத் தெரிந்து என்னிடம் வந்தவர். வரும்போதே இளைத்துத் துரும்பாகியிருந்தார். அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அம்மாள் நடந்ததைச் சொன்னார். மாத்திரை ஆரம்பித்த முதல் மாதம் எல்லாம் நன்றாகவே இருந்ததாம். பசி எடுத்தது, மனிதர் கடைக்கும் போக ஆரம்பித்தார். ஐந்தாவது வாரம் இடது நெற்றியில் தீயை வைத்தாற்போல் எரிச்சல். இரண்டு நாளில் நெற்றியிலும் இமையிலும் கொப்புளம். பார்த்த மாத்திரத்தில் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் ஒரே குரலில், "அக்கி!" என்றார்கள். அக்கி என்றால் ஆஸ்பத்திரிக்கா போவார்கள்? பக்கத்து ஊரில் மண்பாண்டம் செய்யும் பெரியவரிடம் போய்ச் செங்காவி எழுதிக்கொண்டு வந்தார்கள். மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தார், மறுபடியும் விழுந்தது. சாயங்காலத்துக்குள் வலது கை பிடிப்பில்லாமல் தொங்கிற்று. பேச்சும் குழறிற்று. அன்று இரவுதான் அந்த மாத்திரை டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று.

"அம்மா, பேச நேரமில்லை. இப்போதே ஒரு வண்டி வைத்து அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். அந்த மாத்திரையையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்" என்றேன்.

அவர் திரும்பி வருவதற்குள் நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போய் வருவோம்.

அன்று கைவிரித்தோம்

நம் நாட்டில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது 1986-ம் வருஷம் நம் சென்னையில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனிடம் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவி திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூருக்குச் சென்று சோதிக்கப்பட்டன. "நம் தேசத்துக்கெல்லாம் அது வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்த நாளில் வியாதியைக் கண்டுபிடிக்கத்தான் முடிந்தது. கண்டுபிடித்தபின் செய்வதற்கு அதிகமாக ஒன்றுமில்லை.

1996-ல் நிலைமை மாறிற்று. ஒரு மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி தலையெடுக்காது என்பது உறுதியாயிற்று. 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் அரசாங்கம் அந்தக் கூட்டு மருந்தை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. தொடங்கிய இடங்களில் நம் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. இன்று பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. காலாகாலத்தில் ஆரம்பித்துத் தவறாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போலவே வேலை செய்து, குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுக்கலாம்.

"அவ்வளவு நல்ல மருந்து என்றால் தையற்காரரின் கை ஏன் விழுந்தது?" என்று கேட்கிறீர்கள் அல்லவா? அதுதான் இந்த வாரத்து விஷயம்.

தூங்கும் காவலும் பதுங்கிய திருடனும்

நம் ரத்தத்தில் சி.டி.4 என்று ஒருவகை வெள்ளணுக்கள் உண்டு. உடம்பின் காவல் படைக்கு உத்தரவு போடுகிறவை அவைதாம். நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கு ஒரு சொட்டிலும் சிறிய அளவான ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இவை 500-க்கு மேல் இருக்கும். எச்.ஐ.வி. தின்பது இவற்றைத்தான். 200-க்குக் கீழே போனால் அபாயம். நம் தையற்காரருக்கு 50-கூட இல்லை.

ஒரு பெரிய வீட்டில் காவல்காரர் மயங்கிக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடர்கள் நுழைந்து அறைக்கு ஒருவராகப் பதுங்கியிருக்கிறார்கள். தடுப்பார் இல்லாததால் வீட்டில் சத்தமே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீடு அமைதியாகத்தான் தெரியும். ஒரு நாள் காவல்காரருக்கு மயக்கம் தெளிகிறது. தடியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் புகுகிறார். அப்புறம் என்ன? பானை உடைகிறது, கண்ணாடி நொறுங்குகிறது, ஊரே கூடுகிறது. "காவல்காரர் எழுந்ததால்தானே இத்தனை நாசம்!" என்று சொல்லலாமா? திருடன் முன்பே உள்ளே இருந்தான். இன்றுதான் சத்தம் கேட்டது, அவ்வளவே.

கூட்டு மருந்து உடம்புக்குள் செய்வது இதைத்தான். எச்.ஐ.வி. அடங்கியதும் காவல் படை எழுந்திருக்கிறது. எழுந்த வேகத்தில், முன்பே பதுங்கியிருந்த கிருமிகள்மேல் பாய்கிறது. பாய்ந்த இடம் வீங்குகிறது, சிவக்கிறது, வலிக்கிறது. பெரும்பாலும் முதல் சில வாரங்களிலிருந்து மூன்று நான்கு மாதங்களுக்குள் இது நிகழும். எல்லோருக்கும் வருவதில்லை. காவல் மிகவும் தளர்ந்துபோன பிறகு, மிகவும் தாமதித்து வந்தவர்களுக்குத்தான் அதிகம். 1990-களின் ஆரம்பத்திலேயே ஆஸ்திரேலிய டாக்டர்கள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

கழுத்தில் ஒரு கட்டி வீங்கினால் வீங்குவதற்கு இடமிருக்கிறது. மூளையோ எலும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்த பொருள். அங்கே கொஞ்சம் வீங்கினாலும் நெருக்கடிதான். ஆகவேதான் இந்தச் சண்டை மூளையிலும் நரம்பிலும் நடந்தால் டாக்டர்களுக்கு இத்தனை கவலை.

அக்கி எங்கிருந்து வந்தது?

அக்கியை "சூட்டினால் வருவது" என்று சொல்கிறோம். அது புதிதாக வெளியிலிருந்து வருவதே இல்லை. சின்ன வயதில் நமக்குச் சின்னம்மை போட்டதே, அதே கிருமிதான். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு, அது போய்விட்டதாக நினைக்கிறோம். அது போவதில்லை. முதுகெலும்பு ஓரத்திலும் மண்டையின் அடிப்பாகத்திலும் உள்ள நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. நாற்பது வருஷம், ஐம்பது வருஷம்கூடத் தூங்கும். காவல் தளர்ந்தால் விழித்து, ஒரே ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போட்டாற்போல் வருகிறது.

இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் பெரிய சர்வகலாசாலைப் பேராசிரியர் அல்ல. ஹோப்-சிம்ப்ஸன் என்று இங்கிலாந்தில் சைரன்ஸெஸ்டர் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த டாக்டர். தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளை வருஷக்கணக்காகக் குறித்து வைத்தார். ஷெட்லண்டிலுள்ள யெல் என்ற தனித் தீவுக்கும் போய் விசாரித்தார். 1965-ல் தம் முடிவை வெளியிட்டார். இன்று உலகமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

அக்கி விலாவில் வந்தால் வலியோடு போகலாம். நெற்றியிலும் கண்ணிலும் வந்தால் விஷயமே வேறு. முகத்துக்குப் போகும் அந்த நரம்பின் கிளைகள்தாம் மூளையின் ரத்தக் குழாய்களுக்கும் போகின்றன. கிருமி அந்தக் கிளை வழியே உள்ளே போய் ரத்தக் குழாயின் சுவரிலேயே குடியேறிவிடலாம். அங்கே சண்டை மூண்டால் குழாய் தடித்து, உள்வழி சுருங்கி, ரத்தம் தடைப்படுகிறது. இதற்குச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகும். நெற்றியில் அக்கி காய்ந்து தழும்பும் மங்கிய பிறகு ஒரு நாள் கை விழுகிறது. அப்போது அக்கியின் ஞாபகம் யாருக்கு வரும்? அக்கி இடது பக்கம், விழுந்ததோ வலது கை. மூளையின் இடது பாதிதான் உடம்பின் வலது பாதியை ஆள்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும்.

செங்காவி எழுதிய பெரியவரை நான் குறை சொல்லவில்லை. அக்கிக் கொப்புளம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே காய்ந்துவிடும். பெயர் காவிக்குக் கிடைக்கிறது. நஷ்டம் என்னவென்றால், அந்த முதல் மூன்று நாட்கள் போய்விடுகின்றன. அக்கிக் கிருமியை அடக்க அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. அதைப் போன்ற மருந்துகளுக்கு வழி கண்டதற்காக ஜெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாருக்கு 1988-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதனால் முழுப் பலன். தாமதமாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம். கண் பக்கத்து அக்கிக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பிந்தினாலும் கொடுப்பார்கள்.

இன்னொன்று. அக்கிக் கொப்புளத்து நீர் பட்டால், இதுவரை அம்மை போடாதவருக்குச் சின்னம்மை வரலாம். ஆகவே வீட்டிலுள்ள கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் கொஞ்சம் விலகியிருப்பது நல்லது. எச்.ஐ.வி.யோ தொடுவதாலும், ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், ஒரே துணியை உடுத்துவதாலும் வருவதே இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு நோயாளியை மூலையில் உட்கார வைக்காதீர்கள்.

இன்னொரு திருடன்

அக்கிக் கிருமியைவிடக் கொடியவன் ஒருவன் இருக்கிறான். ஜே.ஸி. வைரஸ் என்று பெயர். 1971-ல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் மூளையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே கிருமிக்குப் பெயராயின. நம்மில் பாதிப் பேருக்கு மேல் இது சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. ஒரு தொல்லையும் தருவதில்லை. காவல் அடியோடு தளர்ந்தால் மட்டும் மூளைக்குள் நுழைகிறது.

மின்சாரக் கம்பிமேல் ரப்பர் உறை இருக்கிறதல்லவா? நம் நரம்புகள்மேலும் அப்படி ஓர் உறை உண்டு. அந்த உறையைச் செய்யும் அணுக்களை இந்தக் கிருமி கொல்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை தடுமாறும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், பார்வையில் பாதி மறையும். காய்ச்சல்கூட இருக்காது. டாக்டர்கள் சுருக்கமாக பி.எம்.எல். என்பார்கள்.

இதற்கென்று நேரடியான மருந்து இன்றுவரை கிடையாது. எச்.ஐ.வி. கூட்டு மருந்து வருவதற்கு முன் இது வந்தவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்துபோனார்கள். இன்று ஏறக்குறையப் பாதிப் பேராவது ஒரு வருஷத்தைத் தாண்டிப் பிழைக்கிறார்கள். எதனால்? கூட்டு மருந்து சாப்பிட்டு, காவல்காரர் விழித்துக்கொண்டதால்தான். விழித்த வேகத்தில் வீக்கம் அதிகமாகி, நோயாளி இன்னும் மோசமாவதும் உண்டு. அப்போது அந்த வீக்கத்தைத் தணிக்க டாக்டர்கள் ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். கூட்டு மருந்தை மட்டும் லேசில் நிறுத்தமாட்டார்கள். காவல்காரர் எழுவதால் வரும் ஆபத்துக்குக் காவல்காரரேதான் வைத்தியமும். அவரை மறுபடி தூங்க வைத்தால் வீடு திருடனுக்குத்தான்.

காத்திருக்கச் சொன்னால்...

"அப்படியானால் எல்லோரும் உடனே மாத்திரையை விழுங்க வேண்டியதுதானா?" என்றால், ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மூளைச் சவ்வில் ஏற்கெனவே காசநோயோ, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைக்காளானோ பிடித்திருந்தால், முதலில் அதற்கு வைத்தியம் செய்து சில வாரங்கள் கழித்தே கூட்டு மருந்தை ஆரம்பிப்பார்கள். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அந்தக் காளான் நோய் வந்த 177 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2014-ல் வெளியாயிற்று. இரண்டு வாரத்துக்குள் கூட்டு மருந்து ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு 45 பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்து ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு 30 பேர். அந்த நோய்களுக்குத் தனி மருந்து உண்டு. ஆகவே முதலில் திருடனைக் கட்டிவிட்டுப் பிறகு காவல்காரரை எழுப்புகிறார்கள். பி.எம்.எல்.லுக்குத் தனி மருந்து இல்லை; ஆகவே உடனே எழுப்புகிறார்கள்.

ஆகவே, டாக்டர் "பொறு" என்றால் அலட்சியம் என்று எண்ணாதீர்கள். "இன்றே ஆரம்பி" என்றால் அவசரம் என்றும் எண்ணாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஒன்று: சந்தேகம் இருந்தால் சோதித்துக்கொள்ளத் தயங்காதீர்கள். 2017-லிருந்து நம் நாட்டில், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தவர்கள் எல்லோருக்கும் மருந்து உண்டு. காவல் நன்றாக இருக்கும்போதே ஆரம்பித்தால் இந்தத் தொல்லை வருவது அபூர்வம்.

இரண்டு: மருந்து ஆரம்பித்த முதல் ஆறு மாதத்தில் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு, புத்தித் தடுமாற்றம், முகத்தில் அக்கி, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எது காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

மூன்று: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டுதான். அப்போது எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்று டாக்டர் சொல்வார்.

நான்கு: எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை மறைக்காதீர்கள். கண் டாக்டரிடம் மறைத்தால் அவர் கண்ணை மட்டுந்தான் பார்ப்பார். நோயாளியின் சம்மதமில்லாமல் இந்த விஷயத்தை வெளியிடக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்து, 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யலாம்.

கத்தரிக்கோல்

தையற்காரர் அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தார். எம்.ஆர்.ஐ. படம் எடுத்தோம், முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரைச் சோதித்தோம். அக்கிக் கிருமியின் வேலைதான் என்று தெரிந்தது. இரண்டு வாரம் ரத்தக் குழாய் வழியாக அசைக்ளோவிர் ஏற்றினோம். கூட்டு மருந்தை அன்றிரவே மறுபடி ஆரம்பித்தோம்.

என் தவறு என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன். முதல் நாள் மாத்திரை கொடுத்தபோது, தலை சுற்றலாம், தூக்கம் கெடலாம், வேளை தவறக் கூடாது என்றெல்லாம் அவரிடம் சொன்னேன். "உடம்பு தேறி வரும்போதே திடீரென்று மோசமாகலாம், முகத்தில் ஒரு கொப்புளம் வந்தாலும் ஓடி வா" என்று சொல்லவில்லை. கூட்டம் நிறைய இருந்தது. பயந்துவிடப் போகிறாரே என்ற எண்ணமும் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால், கொப்புளம் கண்ட அன்றே வந்திருப்பார். அந்த அம்மாள்மேலோ, அவருடைய அத்தைமேலோ எனக்குக் கோபமில்லை. சொல்லாத விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்போது அவர் நடமாடுகிறார். பேச்சுத் தெளிந்துவிட்டது. கையில் முக்கால் பலம் திரும்பியிருக்கிறது. கத்தரிக்கோல் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஆகவே கடையில் துணி வெட்டுவது அந்த அம்மாள். மெஷினில் உட்கார்ந்து தைப்பது அவர். சென்ற தடவை மாத்திரை வாங்க வந்தபோது, "டாக்டரய்யா, இப்ப அவ வெட்டுற வெட்டுதான் எங்க கடைக்குப் பேரு" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து மாத்திரை டப்பாவைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறேன். கூட வந்திருக்கும் மனைவியிடமோ, தாயிடமோ, நோயாளி சம்மதித்தால் அவர்களிடமும் சொல்கிறேன். இன்று உங்களிடமும் சொல்லிவிட்டேன்.